கண்திட்டம் எத்தனை கிராம்?

மாவு புளித்துவிட்டதா என்று மூடியைத் திறக்காமலே வாசனையில் அறிவது, பிறந்து பத்து நாளான குழந்தையை வழுக்கவிடாமல் குளிப்பாட்டுவது, இருபதாம் தேதி கையில் மிஞ்சிய பணத்தை முப்பது வரை இழுத்துக்கொண்டு போவது, எந்தக் காய்ச்சல் கஷாயத்துக்கு அடங்கும், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. ‘குடும்பம் நடத்தத் தெரிந்தவள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொல்லுக்குள் இத்தனை கைவேலைகள் கிடக்கின்றன. எல்லாமே பழகி வருபவை. பிறவியிலேயே இவற்றைக் கொண்டுவந்தவர் யாருமில்லை. ஆனால் முதல் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளம் தம்பதிக்கு, ஊரில் உள்ள மற்ற எல்லாருக்கும் இவை பிறவியிலேயே வந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

இந்த வேலைகளைக் கற்றுத்தந்த பள்ளிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கூட்டுக் குடும்பத்து அடுக்களைதான் பள்ளி. எட்டு வயதில் தேங்காய் துருவ உட்கார்ந்தவள், பத்து வயதில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டாள், பன்னிரண்டில் அக்காவின் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பாடம் சொல்லிக் கொடுத்ததாக யாருக்கும் நினைவிருக்காது. பார்த்துப் பார்த்தே வந்தது. அதனால் அளவுகளும் பார்வைக்கு உரியவையாகவே இருந்தன: எலுமிச்சம்பழ அளவு புளி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு கை உப்பு. “கண்திட்டமா போடு” என்றால் போதும். சொல்பவள் பக்கத்திலேயே நிற்கும்வரை இதைவிடத் துல்லியமான அளவு தேவையில்லை. அவளை விட்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போனால் சிக்கல் தொடங்கிவிடும். எலுமிச்சம்பழ அளவு என்றால் எந்த ஊர் எலுமிச்சம்பழம்?

கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஏக்கத்தோடு பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களில் பலர் விரும்பி அங்கே வந்தவர்கள் அல்லர். சிறு வயதிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ அடுப்போடு அடுப்பாக ஆகிப்போன அத்தைகளும் சித்திகளும்தான் பல வீடுகளில் கைப்பக்குவத்தின் முழு இருப்பையும் தாங்கினார்கள். சம்பளமில்லாத அவர்கள் உழைப்பின் மேல்தான் அந்தப் பள்ளி நடந்தது.

ரயிலில் ஏறாத பாடம்

சென்னை மாகாணத்து ரயில்பாதையும் பம்பாயிலிருந்து வந்த கிரேட் இண்டியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) பாதையும் 1871-ல் ராய்ச்சூரில் ஒன்றுசேர்ந்தன. அதற்குப் பின் தெற்கிலிருந்து வடமேற்கே ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. அது திட்டமிட்டு உருவாக்கிய புறநகர்ப் பகுதிகளில் ஒன்றுதான் மாட்டுங்கா. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ், மலையாள, கன்னட இளைஞர்கள் கோட்டைப் பகுதியின் கம்பெனிகளில் குமாஸ்தாக்களாகச் சேர்ந்து மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கியது. 1942-ல் ஸ்டேஷனை ஒட்டி ஏ. ராமநாயக் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கை ஆரம்பித்தார். அந்த உணவுச்சாலையின் இருப்பே ஒரு செய்தி: சமைக்கத் தெரியாத, சமைக்க ஆளில்லாத ஆண்கள் அவ்வளவு பேர் அந்தப் பேட்டையில் இருந்தார்கள்.

ஆண்களுக்கு மெஸ் இருந்தது. கல்யாணமாகிப் பின்னால் வந்த மனைவிக்கு எதுவும் இல்லை. பதினேழு, பதினெட்டு வயதில், ஒன்றரை நாள் ரயிலில், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கூஜாவோடும் இறங்கியவளுக்கு முன்னால் இரண்டு அறையும் ஒரு கரி அடுப்பும் இருந்தன. அரிசி வேறு. தஞ்சாவூர் அரிசிக்குப் பழகிய கை இங்கே கோலம் அரிசிக்கு வைத்த தண்ணீர் தப்பாகப் போனது. கடைக்குப் போனால் மொழி வேறு. கொத்தமல்லிக்குக் கோத்மீர், கறிவேப்பிலைக்குக் கடீபத்தா, புளிக்குச் சிஞ்ச், முருங்கைக்கு ஷேவ்கா, பெருங்காயத்துக்கு ஹிங். ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தில் சமையலைவிட இந்த அகராதி பெரியது. இன்றும் மாட்டுங்கா லக்ஷ்மி நாராயண் லேன் காய்கறிச் சந்தையில் வாழையிலையும் வாழைப்பூவும் சேனையும் குவிந்து கிடப்பதைப் பார்க்கும் வெளியாட்கள் அதை மணம், நாக்கு, ஊர்ப்பாசம் என்று எழுதுவார்கள். புதிதாக வந்த பெண்ணுக்கு அதைவிட முக்கியமான வசதி ஒன்று அங்கே இருந்தது: தெரிந்த பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

1943-ல் பம்பாயில் ரேஷன் வந்தது. ஜப்பானியர் கையில் விழுந்த பர்மாவிலிருந்து அரிசி வரத்து நின்றிருந்தது. அரிசிக்குப் பழகிய வீடுகளுக்குக் கோதுமையும் சிறுதானியமும் அளந்து கொடுக்கப்பட்டன. சப்பாத்தி தமிழ்ச் சமையலறைக்குள் விருந்தாளியாக வந்து குடியிருப்பவனாக மாறியதில் இந்த ரேஷன் அட்டைக்குப் பங்குண்டு. அதைச் சொல்லித்தர அம்மாவுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. சொல்லித்தந்தவள் எதிர்வீட்டு மராத்திப் பெண் அல்லது குஜராத்திப் பெண். மாவைப் பிசைந்தபின் ஈரத்துணி போட்டு அரை மணி வைக்க வேண்டும், இட்டதைக் கல்லில் ஒருமுறை திருப்பிப்போட்ட பிறகே அழுத்த வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்கள் வராந்தாக்களில் கைமாறின. பதிலுக்கு ரசமும் இட்லியும் போயின. தாய்வழியாக வராத வீட்டுக் கலையில் மும்பைத் தமிழருக்குக் கிடைத்த முதல் தவணை இதுதான்.

நிறுத்து எழுதிய பெண்மணி

அம்மாவுக்கு எழுதும் கடிதம் அடுத்த வழி. ‘சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, எப்படி அரைப்பது என்று விவரமாக எழுதவும்’ என்று போன இன்லண்டு லெட்டருக்கு, ‘மிளகாய் தேவையான அளவு’ என்று பதில் வரும். தேவையான அளவு எவ்வளவு என்பதுதானே கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-ல் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்து, சிறு மகனோடும் புகுந்த வீட்டுப் பொறுப்புகளோடும் நின்றவர். சமையலில் பேர்போனவர் என்பதால் வெளியூர்களுக்குப் போன உறவுப் பெண்கள் அவரிடம் பக்குவம் கேட்டு எழுதினார்கள், அவரும் பதில் எழுதினார். இந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். ‘சமைத்துப் பார்’ 1951-ல் வந்தது, பிற்பாடு மூன்று பாகங்களாக வளர்ந்தது, ஆங்கிலத்திலும் வந்தது. பாசத்தோடு பரிமாறும் தொனியை அந்தப் புத்தகத்தில் தேட வேண்டாம். என்ன சாமான், எவ்வளவு, எதற்குப் பின் எது, எவ்வளவு நேரம் என்று கணக்குப் பிள்ளையின் கண்டிப்போடு போகும். அதுதான் அதன் பெருமை. கண்திட்டத்தைத் தராசில் ஏற்றிய பெரிய முயற்சி அது.

தராசில் ஏற்றுவதிலும் அன்றைக்கு ஒரு தொல்லை இருந்தது. ஆழாக்கு, உழக்கு, படி என்ற முகத்தல் அளவுகள் ஊருக்கு ஊர் மாறுபட்டன. பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. எடையில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை என்பது சென்னைக் கணக்கு. அதன்படி ஒரு சேர் 24 தோலா. ஆனால் வடக்கே பரவியிருந்த சேர் 80 தோலா, சென்னைச் சேரைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சென்னைக் குறிப்பை வைத்துக்கொண்டு வெளியூர்க் கடையில் ‘ஒரு சேர்’ என்று வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைகளுக்குள் நுழையத் தொடங்கிய பிறகே இந்தக் குழப்பம் மெல்ல அடங்கியது. தமிழ் வீடுகளில் கல்யாணச் சீர் வரிசையோடு ‘சமைத்துப் பார்’ புத்தகத்தையும் வைத்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. பிற்பாடு அமெரிக்காவுக்குப் போன பெண்களின் பெட்டியிலும் அது ஏறியது. பம்பாய்க்கு வந்த பெண் அவர்களுக்கு மூத்தவள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகம் ஒரு சாதியின் சமையலறையிலிருந்து எழுதப்பட்டது. வெங்காயமும் பூண்டும் அளவோடு, மீனும் இறைச்சியும் அறவே இல்லாமல். மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாராவியில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டு நின்ற பெண்ணுக்கு அப்படி எந்தப் புத்தகமும் அன்று இல்லை.

தாராவியின் வாசற்படி

தாராவிக்குத் தமிழர் வந்த வழி வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். அங்குள்ள பெரிய மசூதி 1887-ஐச் சேர்ந்தது. அவர்களுக்குப் பின் அதே சீமையிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்களும் மற்றவர்களும் வந்தார்கள். இங்கே மனைவியும் வேலைக்குப் போனாள், அல்லது வீட்டிலேயே கூலிவேலை எடுத்தாள். பத்துக்குப் பத்து அறை. சமையல், படுக்கை, குளியல், குழந்தையின் தூளி, தையல் மெஷின் எல்லாம் அதற்குள். குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரத்தைச் சுற்றித்தான் பெண்ணின் நாள் அமையும். இட்லிக்கு ஊறப்போடுவதும் துணி துவைப்பதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அந்த நேரத்துக்குள் அடுக்கப்பட வேண்டும். வீட்டு நிர்வாகம் என்று மனையியல் புத்தகங்கள் பல பக்கம் எழுதுவதை, நீல டிரம்மில் எத்தனை குடம் இருக்கிறது என்று பார்த்து அவள் ஒரு நொடியில் முடிவு செய்கிறாள்.

ஆனால் மாட்டுங்காவின் மூடிய கதவுக்குப் பின்னால் இல்லாத ஒன்று தாராவியின் சந்துகளில் இருந்தது. ஒரே ஊர், ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள் ஒரே சந்தில் குடியிருந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து முறுக்கு பிழிபவளுக்கு எதிரே இன்னொருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நடுவில் தவழும் குழந்தை இருவருக்கும் பொது. முதல் பிள்ளைக்காரி தப்பாகச் செய்தால் நாலு பேர் சொல்வார்கள், கேட்காமலே சொல்வார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் வீட்டுக் கலை கைமாறுவதற்கு இந்த நாலு பேரைவிடச் சிறந்த ஏற்பாடு இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தாராவியில் இந்தத் திறமைகளில் ஒன்று தெருவுக்கே வந்து தொழிலாயிற்று. சாயங்காலம் மாவு அரைத்து, நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு மூட்டி, விடிவதற்குள் நூற்றுக்கணக்கான இட்லிகளை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கித் துணி போர்த்தி, சைக்கிளிலும் தலையிலும் ஏற்றி நகரமெங்கும் அனுப்பும் குடும்பங்கள் அங்கே உண்டு. மும்பை அலுவலக வாசல்களில் காலை எட்டு மணிக்கு வாங்கும் இட்லியில் பெரும்பங்கு இந்த வழியில் வந்ததுதான். இப்படிச் செய்பவருக்கு இட்லிமாவு ஒரு வேதியியல். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தைச் சுடவிடாமல் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், அதுதான் பதம். ஏப்ரல், மே மாதம் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, ஜனவரி இரவில் பன்னிரண்டு மணி கடந்தும் அசையாமல் கிடக்கும். அப்போது பாத்திரத்தைப் போர்வையில் சுற்றுகிறார்கள், அடுப்படி ஓரம் நகர்த்துகிறார்கள். கையால் கலக்க வேண்டும் என்பார்கள். கையின் சூடும் கையோடு வரும் நுண்ணுயிரும் உதவுவதாக நம்பிக்கை. உண்மையில் மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது. கைக்கு வேலை வேறு: உப்பும் இரண்டு மாவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதா என்று கரண்டிக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

மும்பை வேறு சில வீட்டுத் திறமைகளுக்கும் விலை வைத்தது. 1959 மார்ச் 15-ல் கிர்காவில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனோடு அப்பளம் இடத் தொடங்கியதிலிருந்து லிஜ்ஜத் அப்பளக் கூட்டுறவு வளர்ந்தது. மில் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்ட பெண்களை 1975-ல் பிரேமா புராவ் அன்னபூர்ணா மகிளா மண்டலாக ஒன்றுசேர்த்தார். வீட்டுக்குள் செய்தால் கடமை, வாசலைத் தாண்டினால் சம்பளம்.

பிள்ளை பிறந்த பின்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அதன் காரணம் சடங்கைவிடப் பயிற்சி. மூன்று மாதம் அம்மாவின் மேற்பார்வையில் பிள்ளையைத் தூக்க, பால் கொடுக்க, தூங்கவைக்க, தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கற்றபின் மகள் திரும்புவாள். பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களில் இது பல காலம் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டாக நீடித்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் சுருங்கியது. 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோதும், சட்டத்துக்குள் வராத வேலைகளில் இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. மகள் போக முடியாத இடங்களில் அம்மா வந்தார். அம்மாவும் வர முடியாத வீடுகளுக்கு மும்பையில், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ‘மாலிஷ் பாய்’ வருகிறாள்.

அவள் வேலையை ஒருமுறை கிட்டே இருந்து பார்த்தால் போதும். தாழ்வான மணையில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் குழந்தையைக் குப்புறக் கிடத்துகிறாள். தலை பாதத்தை நோக்கி, முகம் பக்கவாட்டில், மூக்கில் தண்ணீர் போகாத சாய்வில். வலக்கை சொம்பிலிருந்து ஊற்ற, இடக்கை குழந்தையின் அக்குளைப் பிடித்தபடியே இருக்கும். அந்தப் பிடி ஒரு தடவைகூட விடுபடாது. ஊற்றும் முன் தண்ணீரைத் தன் புறங்கையில் விட்டுப் பார்க்கிறாள். மொத்தம் ஐந்து நிமிடம். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு நாற்பது நாளில் தானும் அப்படி உட்கார வந்துவிடுகிறது. எந்தப் புத்தகத்தாலும் அந்த இடக்கைப் பிடியைச் சொல்லித்தர முடியாது.

பரம்பரையாக வந்ததெல்லாம் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. உரைகல்லில் வசம்பையும் ஜாதிக்காயையும் மாசிக்காயையும் உரைத்து நாக்கில் தடவுவது, பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது என்று பாட்டிகள் சொல்லிக்கொடுத்த சில பழக்கங்களை மருத்துவம் ஒதுக்கிவிட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இந்தப் புதிய பாடத்தைத் தாராவிக்குக் கொண்டுவந்ததில் சயான் ஆஸ்பத்திரிக்கு, அதாவது லோகமான்ய திலக் மருத்துவமனைக்கு, பெரிய இடம் உண்டு. அங்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவை நடத்திய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-ல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதல். மிகுதியாகப் பால் சுரக்கும் தாய்மாரிடம் பெற்று, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்துப் பாதுகாத்து, பால் கிடைக்காத குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் கொடுப்பது ஏற்பாடு. 1992-ல் டப்பாப் பால் விளம்பரங்களுக்குத் தடைபோடும் சட்டமும் வந்தது. டாக்டர் ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு தாராவியின் வீடுகளுக்குள் போய்க் குழந்தை உணவு பற்றிப் பேசுகிறது.

தாய்ப்பாலைவிட ஆறாம் மாதத்துக்குப் பின் வரும் திடஉணவில்தான் இன்று பெரிய ஓட்டை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் சுமார் 11 சதவீதம். வசதியான வீடுகளிலும் இது பெரிதாக உயரவில்லை என்பதால் பணத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பருப்புத் தண்ணீரைத் தெளிய வடித்துக் கொடுத்துவிட்டுக் குழந்தை சாப்பிட்டதாக நினைப்பது பரவலான தப்பு. சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம்தான் வேண்டும் என்று மருத்துவப் பணியாளர்கள் சொல்கிறார்கள். குழையவிட்ட சோறு, மசித்த பருப்பு, ஒரு சிறு கரண்டி நெய் அல்லது எண்ணெய், கொஞ்சம் காய், முட்டை. தமிழ்நாட்டுக் கேழ்வரகுக் கூழை மும்பைக் கடையில் நாச்னி என்று கேட்டால் தருவார்கள். ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி வறுத்துத் திரித்த மாவு ஒரு மாதத்துக்கு நிற்கும். டப்பாவில் வாங்கும் குழந்தை உணவோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. இளம் பெற்றோரிடம் அதிகம் இல்லாததும் அதுவே.

பள்ளிக்கூடத்தில் வீடு

வீட்டு வேலையை வகுப்பறையில் கற்பிக்கலாம் என்ற யோசனை மும்பைக்குப் பழையது. தோண்டோ கேசவ் கார்வே 1916-ல் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகம், பின்னாளில் எஸ்.என்.டி.டி. என்ற பெயரில் மும்பைக்கு வந்தது. தாய்மொழி வழியில், வீட்டு நிர்வாகமும் சுகாதாரமும் சேர்ந்த படிப்பு அங்கே இருந்தது. டெல்லியில் 1932-ல் லேடி இர்வின் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் ஒரு பாடம். ஆனால் இந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் பெண்கள் மட்டும். பெண்ணை வீட்டுக்கே திருப்பி அனுப்பும் படிப்பு இது என்ற விமர்சனம் கார்வே காலத்திலேயே எழுந்தது. அது வீண் விமர்சனம் அல்ல.

மும்பையில் வாழும் எழுத்தாளர் அம்பையின் 1988-ல் வந்த தொகுப்புக்குத் தலைப்பே ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. வீட்டின் பெருமையெல்லாம் பேசும் குடும்பம், பெண்கள் காலமெல்லாம் நிற்கும் அறையை எப்படி மூலைக்குத் தள்ளியது என்பதைக் காட்டுகிறது அதன் தலைப்புக் கதை. சமைக்கத் தெரியவில்லையே என்று ஏங்கும் இன்றைய இளம்பெண்ணுக்கும், சமையலறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்று தவித்த அவள் பாட்டிக்கும் இடையே முரண்பாடு எதுவும் இல்லை. பாட்டிக்கு வேறு வழி இல்லாமல் வந்தது. பேத்தி தானாகக் கேட்கிறாள். கேட்பவள் அவள் ஒருத்திதான் என்பதே பிரச்சினை. 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்த பெண்கள் சராசரியாக 299 நிமிடம், செய்த ஆண்கள் 97 நிமிடம். இரண்டு சம்பளத்தில் செம்பூரில் வீட்டுக் கடன் கட்டும் தம்பதியில், கணவனுக்கும் குக்கர் விசில் எண்ணத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. தெரியாததற்கு வெட்கப்படுபவள் மட்டும் மனைவி.

கருவிகள் அந்த வெட்கத்தைக் கொஞ்சம் குறைத்தன. 1950-களின் நடுவில் பர்மா ஷெல் பம்பாயில்தான் எரிவாயு சிலிண்டரை அறிமுகம் செய்தது. 1959-ல் மும்பையின் ஹாக்கின்ஸ் குக்கர் தயாரிப்பைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி உருவாக்கிய மின் கிரைண்டர் மெல்ல வடக்கே வந்து, விடியற்காலை ஆட்டுக்கல்லை ஓய்வெடுக்க விட்டது. இப்போது பாக்கெட் மாவு கடையில் கிடைக்கிறது, பத்து நிமிடத்தில் காய் நறுக்கியே வீட்டுக்கு வருகிறது, வீடியோ அழைப்பில் அம்மா கடாயை எட்டிப் பார்த்து “இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்” என்கிறார். யூடியூபில் எல்லாச் சமையலும் எல்லாச் சாதியின் சமையலும் இருக்கிறது. அந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் இருக்கிறது. சமையல் குறிப்புக்குப் பஞ்சமில்லாத முதல் தலைமுறை இது.

பஞ்சம் வேறு இடத்தில். குழந்தை அழும்போது அடுப்பை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பைத் தரும் போன் குழந்தையைத் தூக்காது. இளம் தம்பதி ‘திறமை இல்லையே’ என்று சொல்லும்போது பாதி நேரம் சொல்லவருவது ‘இன்னொரு ஆள் இல்லையே’ என்பதைத்தான். ‘சால்’ எனப்படும் பழைய மும்பைக் குடியிருப்புகளின் பொது வராந்தாக்கள் அந்த ஆளைத் தந்தன. சால்கள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகளாகும்போது வராந்தா போய் லிஃப்ட் வருகிறது. தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு பேசப்படுகிறது. தனிக் கழிப்பறையும் குழாயும் உள்ள அந்த வீடு, இன்று குடத்தோடு நிற்கும் பெண்ணுக்குப் பெரிய விடுதலை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் முறுக்கு பிழிந்துகொண்டே பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வாசற்படியை எட்டாவது மாடியில் எங்கே வைப்பது என்பதற்கு வரைபடத்தில் இடம் தேட வேண்டியிருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு பொது அறை, அங்கன்வாடிக்கு ஒரு கூடம், மாவு அரைக்க ஒரு பொதுக் கிரைண்டர் என்று கேட்கவேண்டிய நேரம் கட்டடம் எழும்புவதற்கு முன்புதான்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. ஊரிலிருந்து பாட்டியோ அத்தையோ வரும்போது சாம்பார்ப் பொடியை அரைத்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். எலக்ட்ரானிக் தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அவர் கண்திட்டமாக அள்ளும் ஒவ்வொரு கையையும் கடாயில் விழுவதற்கு முன் தராசில் போட்டு, கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் வேலையைப் பையனிடம் கொடுங்கள்.